மோட்டாரின் கயிறு யார் கையில்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பெரியோர் வாக்கு. காசு கொடுத்து வாங்கிய மாட்டுக்கு அந்தத் தடை இல்லை. மோட்டார் வண்டிக்கும் வெகு காலம் இதே நியாயந்தான் வழங்கி வந்தது. விலை கொடுத்தவர் மூடியைத் திறப்பார், முடுக்குவார், கழற்றுவார், கெடுத்தும் வைப்பார். ஏன் என்று கேட்பாரில்லை.

வண்டியின் வேகத்தைக் கூட்ட விரும்பியவர்கள் அக்காலத்தில் கையையும் காதையும் நம்பினார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டை மாற்றுவது, டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பித் தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளுவது, எஞ்சினின் ஓசையைக் கேட்டு மறுபடியும் திருகுவது ஆகிய இவையே அந்த வித்தை. தேர்ந்த மெக்கானிக் வீணை வித்வானைப் போல் சுருதி கூட்டினார் என்றால் மிகையன்று.

1979-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 'மோட்ரோனிக்' என்னும் சாதனத்தை பி. எம். டபிள்யூ. வண்டியொன்றில் அமைத்தது. பெட்ரோலின் அளவு, தீப்பொறியின் நேரம் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர் தீர்மானித்தது. அதற்குள் இருப்பது வாய்பாடு போன்ற ஓர் அட்டவணை. இன்ன வேகத்தில், இன்ன பாரத்தில், இவ்வளவு பெட்ரோல், இந்தக் கணத்தில் பொறி என்று எண்கள் நிரம்பியிருக்கும். அந்த எண்களை மாற்றினால் எஞ்சினின் குணமே மாறும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்களில் பொதுவானதொரு சோதனை வாசல் கட்டாயமாயிற்று. புகையைக் கண்காணிக்க ஏற்பட்ட வாசல் அது; வேகப் பிரியர்களும் பின்னர் அதன் வழியாகவே உள்ளே நுழைந்தார்கள்! ஸ்பானர் பிடித்த கையில் இப்போது மடிக்கணினி. ஆயினும் வித்தை அழிந்துவிடவில்லை. எண்ணைத் தவறாக இட்டால் பிஸ்டனே உருகிப்போகும் என்பதை அறிந்தவரே இதில் கை வைக்கலாம்.

இதுவரை விவகாரம் எஞ்சினுக்கும் மெக்கானிக்குக்கும் இடையிலேயே இருந்தது. இப்போது விற்ற கம்பெனியும் வண்டிக்குள்ளேயே குடியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டில் ப்ளோரிடாவைப் புயல் நெருங்கியபோது, டெஸ்லா கம்பெனி சில வண்டிகளின் பாட்டரியில் பூட்டி வைத்திருந்த சக்தியைத் தூரத்திலிருந்தே தற்காலிகமாகத் திறந்துவிட்டது. தப்பி ஓடுவோருக்கு அது பேருதவி; சந்தேகமில்லை. ஆனால் திறக்கத் தெரிந்த கைக்குப் பூட்டவும் தெரியும் அல்லவா? 2022-இல் மெர்ஸிடிஸ் கம்பெனி தன் மின்சாரக் கார்கள் சிலவற்றில் கூடுதல் வேகத்துக்கு ஆண்டொன்றுக்கு 1,200 டாலர் சந்தா என்று அமெரிக்காவில் அறிவித்தது. மோட்டார் அதே மோட்டார். மாறுவது உள்ளிருக்கும் கட்டளைதான். விற்றபின்னும் கயிற்றின் நுனியை விற்றவரே பிடித்துக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் விற்பனையா, வாடகையா?

நல்ல வேளையாக, 2015-இல் அமெரிக்க சர்க்கார் ஒரு விலக்கு அளித்தது. பழுது பார்க்கவும், சட்டத்துக்கு உட்பட்டு மாற்றியமைக்கவும் சொந்தக்காரர் அந்தப் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைக் குற்றமாகாது என்பதே அது.

நிற்க. சொந்தக்காரர்களும் முற்றும் நிரபராதிகள் அல்லர். புகையை வடிகட்டும் கருவிகளை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரையும் ஏமாற்றி ஓடிய டீஸல் பிக்கப் வண்டிகள் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று 2020-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா மதிப்பிட்டது. கம்பெனிகளாவது யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. சோதனைச் சாலையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் கட்டளையை வோக்ஸ்வாகன் கம்பெனி உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் வைத்திருந்தது 2015-இல் வெளிப்பட்டது. பூட்டிய பெட்டிக்குள் கம்பெனி எழுதிய எண்களை வெளியார் எளிதில் படிக்க இயலாமற்போனதும் அந்த மோசடி பல்லாண்டு மறைந்திருக்க ஒரு காரணம் எனலாம்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. எண்களின் ஏடு வாங்கியவருக்குத் திறந்திருக்க வேண்டும். புகைச் சோதனையோ, திருத்தியவர் கம்பெனியானாலும் தெருமுனை மெக்கானிக்கானாலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாட்டின் பல்லைப் பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அது அடுத்தவர் பயிரை மேய்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.