கடையைப் பூட்டினோம், கணனியைப் பூட்டினோமா?

வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ இரவு கடை மூடும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். முதலாளி லாச்சிக் காசை எண்ணி எடுக்கிறார். ஷட்டரை இறக்கி இரண்டு ஆமைப்பூட்டுப் போடுகிறார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார். பத்தடி போன பிறகு திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதே முதலாளிதான் பகலில் வங்கிக் கணக்கைக் கணனியில் திறந்து வைத்துவிட்டு, ளுஹருக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து பள்ளிக்குப் போகிறார். மேசையில் கணனி, கணனியில் கணக்கு, பக்கத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்!

கேட்டால், "அது கொஞ்ச நேரத்துல தானாவே மூடிக்கும் நானா" என்பார்கள். உண்மைதான், மூடிக்கொள்ளும். ஆனால் எத்தனை நிமிடத்தில் மூடும், மூடியது உண்மையாகவே பூட்டப்பட்டதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? வங்கிப் பக்கத்தை மட்டும் நான் சொல்லவில்லை. நமது கடைகளில் இன்று பில் போடுவது, சரக்கு இருப்பு, கடன் கொப்பி எல்லாமே இணையத்தில் ஏறிவிட்டன. யாரோ ஒரு தம்பியிடம் சொல்லிச் செய்வித்த மென்பொருள்தான் பெரும்பாலும். கடைக்குப் பூட்டு வாங்கும்போது நாலு பூட்டைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இந்தப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

விஷயத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் வாசலில் நமது பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது டோக்கனைக் கொடுத்தால் பை வரும். அங்கே நிற்கிற பிள்ளைக்கு நமது முகம் ஞாபகமிராது, டோக்கனைத்தான் பார்ப்பாள். வேறொருவன் அதைக் கொண்டு போனாலும் பையை எடுத்துக் கொடுத்துவிடுவாள். இணையமும் அப்படித்தான். இணையத்தளத்துக்கு நம்மை ஞாபகம் வைத்திருக்கத் தெரியாது. ஒவ்வொரு தடவை ஒரு பக்கத்தைத் தட்டும்போதும் அதற்கு நாம் புது ஆள். அதனால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தவுடன் நமது பிரவுசருக்கு ஒரு நீண்ட இரகசிய இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த இலக்கம்தான் நாம். அதை வைத்துக்கொண்டு நாம் உள்ளே இருக்கிற நேரத்தைத்தான் செஷன் என்கிறார்கள்.

இந்த இலக்கத்தைப் பிரவுசரில் வைக்கிற 'குக்கி' என்ற ஏற்பாடு பிறந்ததே வியாபாரத்துக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1994 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுலி என்பவர், இணையக் கடையொன்றில் வாடிக்கையாளர் கூடையில் போட்ட சாமான்களை எப்படி ஞாபகம் வைப்பது என்ற கேள்விக்கு விடையாக இதைக் கொண்டு வந்தார். கடைக்காரனுக்காகச் செய்யப்பட்ட சாமான் இது. அதன் நல்லது கெட்டது கடைக்காரனுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை.

டோக்கன் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2010 ஒக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு மென்பொருளை வெளியிட்டார். ஒரே திறந்த வைஃபையில் இருப்பவர்களின் குக்கிகளைப் பிடித்து, அவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே தட்டில் நுழைய அது வழி செய்தது. பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை. பெரிய தளங்கள் முழுவதையும் பூட்டுக் குறியுள்ள இணைப்புக்கு மாற்ற வேண்டும் என்ற நெருக்குதல் அதோடு பலமானது. பிறகு 2023 மார்ச்சில், ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்களைக் கொண்ட 'லைனஸ் டெக் டிப்ஸ்' என்ற யூடியூப் சனல் பறிபோனது. தொழிலே கணனியாக இருப்பவர்கள் அவர்கள்! விளம்பரம் தருவதாக வந்த மின்னஞ்சலில் பி.டி.எஃப். போலத் தெரிந்த ஒரு கோப்பை ஊழியரொருவர் திறந்தார். உள்ளேயிருந்த கள்ள மென்பொருள் பிரவுசரில் இருந்த செஷன் டோக்கன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாஸ்வேர்டும் கேட்கவில்லை, ஓ.டி.பி.யும் கேட்கவில்லை. நமக்குத் தினமும் 'குவொட்டேஷன்', 'இன்வொய்ஸ்' என்று எத்தனை கோப்புகள் வருகின்றன! முறையாக லொக் அவுட் செய்த கணக்கென்றால் அதன் டோக்கன் செத்துப் போயிருக்கும். கள்ளன் எடுத்தாலும் உதவாது. பிரவுசரில் பாஸ்வேர்டையும் சேமித்து வைத்திருந்தால் அது வேறு கதை.

இப்போது 'தானாக மூடும்' விஷயத்துக்கு வருவோம். இதில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று, கைபடாமல் இத்தனை நிமிடம் இருந்தால் மூடுவது. மற்றது, வேலை செய்துகொண்டிருந்தாலும் இத்தனை மணித்தியாலத்தின் பிறகு மறுபடி பாஸ்வேர்ட் கேட்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒன்லைனில் பணக் கணக்குப் பார்ப்பவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மூடிவிட வேண்டும் என்ற விதி 2019 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. கார்ட் கம்பனிகளின் பி.சி.ஐ. விதிகளில், கார்ட் விபரங்கள் இருக்கிற கணனியில் வேலை செய்யும் ஊழியருக்குப் பதினைந்து நிமிடம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கார்டை மட்டும் பார்க்கிற கவுண்டர் மெஷினுக்கு அந்தப் பதினைந்து நிமிட விதி பொருந்தாது என்று அவர்களே விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடை நடத்தத் தெரிந்த யாரோ அந்த மேசையில் இருந்திருக்கிறார்கள் போலும்!

என்னுடைய அபிப்பிராயமும் அதுதான். எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டுப் போடக் கூடாது. காசு போகிற பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். பெருநாள் சீசனில் பில் போடுகிற கவுண்டரில் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை பாஸ்வேர்ட் கேட்டால் என்ன நடக்கும்? பையன் பாஸ்வேர்டைத் துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டிவிடுவான். அளவுக்கு மீறி இறுக்கினால் திறப்பு ஆணியில் தொங்கும். நான் போய் வருகிற கடைகளில் இப்படித் தொங்குகிற திறப்புகளை நிறையக் காண்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வியாபாரி ஒருவன் இணையத்தில் நீண்ட படிவமொன்றை நிரப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வாடிக்கையாளர் வருகிறார். விலை பேசி, துணியை மடித்துக் கொடுத்து, மிச்சக் காசு கொடுத்துவிட்டு வந்து மீதியை நிரப்பி பொத்தானை அழுத்தினால், 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது' என்கிறது. எழுதிய முப்பது கட்டமும் போய்விட்டது. எனக்கே இது நடந்திருக்கிறது. ஓரிடத்தில் ஒரே நாளில் மூன்று தடவை. எந்த இடமென்று எழுதப் போவதில்லை. மூடியதில் எனக்குக் குறையில்லை. சொல்லாமல் மூடியதும், எழுதியதைக் குப்பையில் போட்டதும்தான் குறை. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக 2008 இல் வெளியான சர்வதேச வழிகாட்டியில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். நேரம் முடியுமுன் எச்சரித்து, ஒரு பொத்தானைத் தட்டி நேரத்தை நீட்டிக்கொள்ளக் குறைந்தது இருபது வினாடியாவது கொடுக்கலாம் என்பது அதிலுள்ள வழிகளில் ஒன்று. கண் மங்கியவரும், விரல் நடுங்குகிறவரும், நம்மைப் போல அறுபதை நெருங்குகிறவரும் இதற்காக நன்றி சொல்ல வேண்டும். இதைவிட நல்லது, எழுதியதைப் பத்திரமாக வைத்திருந்து, மறுபடி பாஸ்வேர்ட் போட்டவுடன் விட்ட இடத்திலேயே கொண்டுபோய் விடுவது.

தானாக மூடுவதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். கையால் மூடுவதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். பக்கத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் வெளியேறிவிட்டோம் என்று நினைக்கிறோம். அது ஷட்டரை இறக்கிவிட்டுப் பூட்டாமல் போவது. பிரவுசரைத் திறந்து பழைய பக்கங்களை மீட்டால் பல தளங்கள் அப்படியே திறந்துகொள்ளும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொமியூனிகேஷன் கடைகள் நிறைந்திருந்த காலம் ஞாபகமிருக்கும். எடுத்த நேரம் முடிந்ததும் அவசரமாக எழுந்து போவார்கள். அடுத்து வந்து குந்துகிறவருக்கு முன்னவரின் கடிதப் பெட்டி திறந்தே கிடக்கும். ஜீமெயில் 2008 இலேயே, வேறு இடங்களில் திறந்திருப்பதைத் தூரத்திலிருந்து மூடுகிற வசதியைக் கொடுத்தது. இன்று வட்ஸ்அப்பிலும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் அதைச் செய்யலாம். இன்றிரவே திறந்து பாருங்கள். விலகிப்போன பையனின் மடிக்கணனி அந்தப் பட்டியலில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மென்பொருள் செய்கிற தம்பிமார் சிலர் லொக் அவுட் பொத்தானை வெறும் அலங்காரமாக வைக்கிறார்கள். அதைத் தட்டினால் நமது பிரவுசரிலுள்ள டோக்கன் மட்டும் அழிகிறது. சேர்வரில் அது இன்னும் செல்லுபடியாகும். பை கவுண்டர் பிள்ளை டோக்கனை வாங்கி வைக்காமல் பையை மட்டும் கொடுத்து அனுப்பிய மாதிரி. யாராவது பிரதி எடுத்து வைத்திருந்தால் அவன் உள்ளேதான் இருப்பான். சேர்வரில் டோக்கனைச் சாகடிப்பதுதான் உண்மையான வெளியேற்றம். 2018 செப்டெம்பரில் ஃபேஸ்புக்கில் இலட்சக்கணக்கானோரின் டோக்கன்கள் திருட்டுப் போனபோது, அந்த நிறுவனம் ஒன்பது கோடிப் பேரின் டோக்கன்களைத் தன் பக்கத்திலேயே இரத்துச் செய்து, எல்லோரையும் மறுபடி லொகின் செய்ய வைத்தது. சேர்வர் பக்கம் பூட்டு இருந்தபடியால்தான் அது முடிந்தது.

உங்கள் கடை மென்பொருளைச் சோதிக்க எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. லொக் அவுட் செய்துவிட்டுப் பின்னோக்கிப் போகிற பொத்தானை அழுத்துங்கள். பழைய பக்கம் தெரிந்தால் அதிலுள்ள ஏதாவதொன்றைத் தட்டுங்கள். பாஸ்வேர்ட் கேட்காமல் திறந்தால் தம்பியைக் கூப்பிடுங்கள். பிறகு கடைக் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரே கணக்கைத் திறந்து, தொலைபேசியில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைக் கணனி தொடர்ந்து வேலை செய்தால் மறுபடியும் தம்பியைக் கூப்பிடுங்கள்.

ஒரே கணக்கை அஞ்சு பேர் பாவிக்கிற கடைக்கு இவையெல்லாம் பாதிதான் உதவும். நமது கடைகளில் முதலாளியின் பெயரில் ஒரு லொகின்; மகன், மச்சான், கணக்கப்பிள்ளை, கவுண்டர் பையன் எல்லோருக்கும் அதுவே. "நம்ம புள்ளைகள்தானே" என்பார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொய்ப் பில்லொன்று கண்டுபிடிக்கப்பட்டால் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கும்? முதலாளியுடையதுதான். குற்றமில்லாத பையனால் தன்னை நிரூபிக்க முடியாது. குற்றவாளி சிரித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவான். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமில்லையென்று தெரிந்துகொண்டே பிறருடைய கணனிக்குள் நுழைவதற்கு ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. பாஸ்வேர்டை நாமே கொடுத்து வைத்துவிட்டு, அதிகாரமில்லாமல் நுழைந்தான் என்று எப்படிச் சொல்வது?

காசோலையென்றால் வங்கிக்கு அறிவித்து நிறுத்தச் சற்று அவகாசமாவது கிடைத்தது. 2015 இல் லங்காகிளியர் நிறுவனம் கொண்டுவந்த முறையால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் கண்மூடித் திறக்குமுன் போய்ச் சேர்கிறது. ஓ.டி.பி. இருக்கிறதே என்று ஆறுதலடைபவர்கள், கைத்தொலைபேசியையும் அதே மேசையில் வைத்துவிட்டுப் போகாமலிருந்தால் சரி. பணம் எடுக்காவிட்டாலும், எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், கையில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்தவன் அதைப் பக்கத்துக் கடையில் சொன்னால் போதாதா?

அடுத்த தடவை மென்பொருள் செய்விக்கும்போது, ஆளுக்கொரு லொகின், லொக் அவுட்டில் சேர்வரிலும் டோக்கன் சாக வேண்டும், மூடுமுன் எச்சரிக்கை வேண்டும், விலகிய ஊழியரை முதலாளியின் தொலைபேசியிலிருந்தே வெளியேற்ற முடிய வேண்டும் என்று ஒப்பந்தத் துண்டிலேயே எழுதி, மிச்சப் பணத்தைக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் தம்பியின் முன்னாலேயே தட்டிப் பாருங்கள்.