350 பேரின் கண்ணும் ஒரு பங்குச் சந்தைக் கணக்கும்

சின்னதாக ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "இதுதான் அடுத்த இன்டியூட்டிவ் சர்ஜிகல்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் சரி, இதை எத்தனை பேர் வாங்குவார்கள்?" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு நல்ல பெயர் கிடைப்பதே இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் விஷயத்தில் அவர்கள் பயந்ததுதான் நடந்தது.

செகண்ட் சைட் செய்தது சாதாரண வேலை இல்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயால் பார்வை போனவர்களின் விழித்திரை மேல் 60 மின்முனைகள் கொண்ட சின்னத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். கறுப்புக் கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கேமரா பிடிப்பதைக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுக்க, அது வயர் இல்லாமலே கண்ணுக்குள் போகும். முகம் தெரியாது, எழுத்து சரளமாகப் படிக்க வராது. வெளிச்சமும் நிழலும், கதவின் விளிம்பும் தெரியும். பல வருடம் இருட்டிலேயே இருந்தவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். இதன் பெயர் ஆர்கஸ் 2. ஐரோப்பாவில் 2011ல் அனுமதி, அமெரிக்காவில் 2013ல்.

2014 நவம்பரில் பங்கு 9 டாலருக்கு வெளியிடப்பட்டது. முதல் நாளே இரு மடங்கைத் தாண்டியது!

இப்போது கணக்குக்கு வருவோம். கருவியின் விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். அமெரிக்காவில் கிடைத்ததோ 'மனிதாபிமான' அனுமதி. அதாவது வருடத்துக்கு 4,000 பேருக்கு மிகாத அபூர்வ நோய்களுக்கு என்று அப்போது இருந்த தனி வழி. சந்தை சின்னது என்று அனுமதிக் காகிதமே சொல்லிவிட்டது. கடைசியில் உலகம் முழுக்கப் பொருத்திக்கொண்டவர்கள் 350 பேருக்குக் கொஞ்சம் அதிகம். எல்லாமே முழு விலைக்குப் போனதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் சுமார் 5 கோடி டாலர். இருபது வருட ஆராய்ச்சிக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

இன்டியூட்டிவ் சர்ஜிகலும் 2000ல் இதே 9 டாலருக்குத்தான் பங்கு வெளியிட்டது. அதன் ரோபோவையும் யாரும் வாங்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அந்த ரோபோவின் கைக்கருவிகளைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது, ஆஸ்பத்திரி மறுபடி மறுபடி வாங்கியாக வேண்டும். ஒவ்வொரு ஆபரேஷனிலும் வருமானம். ஆர்கஸில் விற்பனை ஒரே ஒரு தடவை. அதன் பிறகு ரிப்பேர், டியூனிங், பயிற்சி என்று செலவு மட்டும் ஆயுள் முழுக்க.

2019ல் கம்பெனி ஆர்கஸை நிறுத்திவிட்டு, மூளையில் பொருத்தும் ஓரியன் பக்கம் போனது. வேறு காரணங்களால் பார்வை இழந்தவர்களுக்கும் அது உதவும், ஆகவே சந்தை பெரியது. சந்தேகக்காரர்களின் வாதத்தைக் கம்பெனியே ஏற்றுக்கொண்ட மாதிரிதான்! 2020ல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். 2022ல் வேறொரு கம்பெனியோடு இணைந்து பெயரும் விவானி என்று மாறிவிட்டது.

பங்கு வைத்திருந்தவர் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். கண்ணுக்குள் கருவி வைத்திருப்பவர்? கண்ணாடி உடைந்தால் உதிரிபாகம் இல்லை, போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால்கூடக் கருவியைப் பற்றி விளக்க ஆள் கிடைப்பது கஷ்டம். வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன். இந்த நிலைமை வெளி உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்ததே 2022 பிப்ரவரியில் ஐ.ட்ரிபிள்.ஈ ஸ்பெக்ட்ரம் பத்திரிகை எழுதிய பிறகுதான்.

கணக்குப்பதிவியலில் முதல் பாடமே நிறுவனத் தொடர்ச்சி அனுமானம். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிற விஷயம். கண்ணுக்குள் கருவி வைத்துக்கொண்ட 350 பேரும் அந்த அனுமானத்தை நம்பித்தான் ஆபரேஷன் மேஜையில் படுத்தார்கள். கம்பெனியைத் தூக்கிப் பிடித்தவர்களும் சரி, சந்தேகப்பட்டவர்களும் சரி, "எத்தனை விற்கும்?" என்பதிலேயே நின்றுவிட்டார்கள். விற்காமல் போனால் ஏற்கனவே வாங்கியவர் கதி என்ன என்பது இரண்டு கட்சியின் கணக்கிலும் வரவில்லை.

சாதாரண டி.வி கம்பெனிகூட வாரண்டிக்கு ஒதுக்கீடு எடுத்து வைக்கிறது. ஒவ்வொரு கருவியின் விலையிலும் ஒரு பங்கைக் கம்பெனி தொட முடியாத தனிக் கணக்கில் போட வேண்டும் என்று அனுமதி தரும்போதே நிபந்தனை போடலாம். அப்படிச் செய்தால் சின்னக் கம்பெனிகள் இந்தப் பக்கமே வராது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குறைந்தது சாஃப்ட்வேரையும் வரைபடங்களையும் ஒரு மூன்றாம் ஆளிடமாவது ஒப்படைக்கச் சொல்லலாம். கம்பெனி மூடினாலும், விஷயம் தெரிந்த எஞ்சினியர் யாராவது அந்தக் கண்ணாடியைப் பிரித்துப் பார்த்துச் சரி செய்ய வழி இருக்கும்.