யார் விடுவிப்பது?

'எந்த மொழியில் எழுதினாலும் சரி, ஆப்ஜெக்ட்டை அப்படியே அந்தப் பக்கம் கொடுத்துவிடலாம்' என்று மென்பொருள் விற்க வருகிறவர் சொன்னால் ஓசூர்க்காரர்கள் சிரிக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. இங்கே மொழி சிக்கலே இல்லை, சரக்குதான் சிக்கல். ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்கள் நாம். 2017இல் ஜிஎஸ்டி வந்து சாவடி போனது. யாருடைய சரக்கு, எங்கே போகிறது என்று சொல்லும் சீட்டு போகவில்லை. இ-வே பில் என்று பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

நிரல்மொழிகளுக்கு நடுவிலும் இந்தச் சீட்டுதான் முக்கியம். பைத்தான், ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யமானால் நினைவகத்தை விட்டுவிடும். ஜாவாவில் கூட்டிப் பெருக்க ஆள் தனியாக உண்டு, அவர் தனக்குத் தோன்றும்போதுதான் வருவார். சி++இல் எழுதினவனே பெருக்க வேண்டும். மூவரும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுவது யார்?

மைக்ரோசாஃப்ட் 1993இல் கொண்டுவந்த 'காம்' இதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னது. வாங்கினால் ஆட்ரெஃப், முடிந்தால் ரிலீஸ். சலிப்பான வேலைதான், ஆனால் விஷுவல் பேசிக் திரையும் சி++ டிரைவரும் அதனால்தான் சேர்ந்து வாழ்ந்தன. வினை, அதையே நெட்வொர்க்குக்கு நீட்டி 'டிகாம்' ஆக்கியதில் வந்தது. வேறொரு கணினியில் இருக்கும் பொருள் உன் மேசையிலேயே இருப்பதாக நடிக்கும் ஏற்பாடு அது. 1996இல் ஆலை இயந்திரங்களின் அளவீடுகளைத் திரைக்குக் கொண்டுவரும் ஓபிசி தரத்தை இதன் மேல்தான் கட்டினார்கள்.

பிறகு 2004இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தது, டிகாமின் பாதுகாப்பு இறுகியது. 2023 மார்ச்சில் இன்னொரு இறுக்கம், இந்த முறை அணைக்கவே முடியாதபடி. இயந்திரத்தில் பழுதில்லை, நிரலிலும் பிழையில்லை, ஆனால் அமைப்புகளை மாற்றாத இணைப்பு அறுந்துவிடும். பெரிய ஆலை என்றால் இதைப் பார்க்க ஆள் இருக்கும். சிப்காட்டில் நாலு சிஎன்சி வச்சிருக்கிற அண்ணன் ஷிப்ட் நடுவுல யாருக்குப் போன் போடுவார்?

நகல் எடுத்து அனுப்பினால் வேகம் போய்விடும் என்பார்கள். ஒரே நிரலுக்குள் நகலே வேண்டாம். அப்பாச்சி ஆரோவைப் பாருங்கள்: அதன் சி இடைமுகத்தில் இருப்பவை இரண்டே கட்டமைப்புகள். போவது வெறும் எண்களின் பத்தி. கூடவே 'முடிந்ததும் இதைக் கூப்பிடு' என்று ஒரு ரிலீஸ் ஃபங்ஷன். கணினி விட்டுக் கணினி போகும்போது செய்தியாக அனுப்புங்கள், பொருள் என்று நடிக்காதீர்கள். ஓபிசியின் அடுத்த தலைமுறையான யுஏ, டிகாமைக் கைவிட்டது. (அதன் ஆவணம் தலையணை கனம் ஆனது வேறு கதை.)

அடுத்த முறை கொட்டேஷன் வந்தால் விலைக்கு முன்னால் ரெண்டு கேள்வி கேளுங்க: இதை விடுவிக்கிறது யாரு? லைன் கட்டானா ரெண்டு பக்கமும் என்ன ஆகும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.