ஏடும் எள்ளலும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பாலுள்ள கொட்டியாரக் குடாவிலே, புயலிற் பாய்மரம் இழந்து ஒதுங்கிய ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்தோர் சிலர், 1660 ஆம் ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவருள் ஒருவரே றொபேட் நொக்ஸ். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறையிருந்து 1679 இல் தப்பிய அவர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே இலங்கை மக்களின் மந்திரச் சடங்குகளையும் விவரித்தார். திருட்டு நடந்த வீட்டில் ஒரு தேங்காய்க்கு மந்திரம் ஓதிக் கோலிற் குத்திப் பிடித்தால், அக்காய் கள்வன் சென்ற வழியே இழுத்துச் செல்லும் என மக்கள் நம்பியமை அந்நூலில் உள்ளது.

இதனைப் படித்து நகைப்போர், அதே காலத்து இங்கிலாந்தை ஒருகணம் நோக்குதல் வேண்டும். அங்கே கள்வனைக் கண்டுபிடிக்கத் தேங்காய் இல்லை. கத்தரிக்கோலில் மாட்டித் தொங்கவிட்ட சல்லடை இருந்தது. சந்தேகத்துக்குரியவரின் பெயர் சொல்லும்போது அது சுழலும் என்பது நம்பிக்கை. நொக்ஸின் நூல் வெளிவந்த அதே 1681 இல், வேத்தியற் கழகத்தின் தொடக்ககால உறுப்பினரான எலியாஸ் ஆஷ்மோல் என்னும் அறிஞர், மூன்று சிலந்திகளைக் கழுத்திற் கட்டியதாற் குளிர்காய்ச்சல் நீங்கியதெனத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பல்வலிக்கு மந்திரம் எழுதிய தாளை அணிவதும் அந்நாட்டு வழக்கமே. நம் அச்சரக்கூட்டுக்கும் அதற்கும் வேறுபாடு யாது?

வேறுபாடு நம்பிக்கையில் இல்லை; பேணுதலிலேயே உள்ளது. ஆங்கிலேயர் அத்தாள்களை எரிக்கவில்லை. அவற்றைக் கொண்டு இன்று நோய் தீர்க்கவும் முயலவில்லை. சைமன் போர்மன், றிச்சட் நேப்பியர் என்னும் சோதிட மருத்துவர் இருவர் எழுதிவைத்த ஏறக்குறைய 80,000 குறிப்புகள் ஆஷ்மோலின் சேகரிப்பு வழியாக ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தை அடைந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அண்மையில் அவற்றை எண்ணிமப்படுத்தி உலகோர்முன் வைத்துள்ளனர். சிலந்தி மருந்தென எவரும் கொள்வதில்லை. ஆயின் அந்தக் காய்ச்சலும் அச்சமும் வரலாறாகிவிட்டன.

நம்மிடையேயோ இருவகையினர் உளர். ஒருசாரார் மந்திர ஏடு என்றதும் ‘மூடநம்பிக்கை’ எனக் கூறி முகஞ்சுளிப்பர். மறுசாரார் முன்னோர் எழுதியதெல்லாம் விஞ்ஞானமே என முழங்குவர். முன்னவர் படிக்காமலே பழிப்பர். பின்னவர் படிக்காமலே புகழ்வர். படியாமையில் இருவரும் ஒன்றே. இவ்விருவருக்கும் இடையிலே, பரம்பரை இரகசியம் எனப் பெட்டியிற் பூட்டப்பட்ட ஏட்டைச் செல் அரிக்கிறது.

மருந்துக் குறிப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, மந்திரத்தை விலக்கிப் பதிப்பித்தாற் போதும் என்பாரும் உளர். இதுவும் பிழையே. கழஞ்சுக் கணக்கிற் சரக்குகளை நிறுத்த பரிகாரியாரே, திருநீறும் போட்டார்; தண்ணீரும் ஓதிக் கொடுத்தார். அவர் கையில் ஒன்றாயிருந்தவற்றை நாம் இரண்டாக வெட்டினால், எஞ்சுவது நம் காலத்துக் கற்பனையேயன்றி அவர் காலத்து வாழ்க்கையன்று. கோணேசர் கல்வெட்டு கோயிற் தொழும்பையும் அதன் உரிமைகளையும் கூறும். கரைவலை இழுத்தவனின் பிள்ளைக்கு வந்த காய்ச்சலையும், அதற்குத் தாய் அஞ்சிய அச்சத்தையும் எங்கே தேடுவது? அவற்றுக்கு வைத்திய ஏடும் மந்திர ஏடுமே சான்று.

இவ்வாறு கூறுதல், பாம்பு தீண்டியவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லாது ஏட்டைப் புரட்டுக என்பதன்று. எந்த மருந்து பயன் தரும் என்பதைச் சோதனையே தீர்மானித்தல் வேண்டும். நொக்ஸ் இத்தீவிற் பயன்படுத்தி அறிந்த கஞ்சா இலையைப் பற்றி, 1689 இல் றொபேட் ஹூக் வேத்தியற் கழகத்தில் உரை நிகழ்த்தினார். அவர் அதனை வணங்கவுமில்லை, எள்ளவுமில்லை, ஆராயத்தக்கது என்றார். அம்மனப்பாங்கே நமக்கு வேண்டுவது.

காலம் காத்திராது. 1964 இன் சூறாவளியும், 2004 இன் ஆழிப்பேரலையும், 2006 இல் மூதூர், சம்பூர் மக்கள் பட்ட இடப்பெயர்வும் இம்மாவட்டத்தின் வீடுகளைக் கலைத்தன. உயிரைக் கையிற் பிடித்து ஓடியவர் ஏட்டுப் பெட்டியைத் தூக்கிச் செல்லவில்லை என்று குறைகூறல் தகாது. ஆனால் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அதன் ஏடுகளும் அழிந்தன எனக் கண்ணீர் விடும் நாம், எரியாதிருப்பவற்றுக்குச் செய்தது என்ன?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. மருத்துவ மாணவரும் தமிழ், வரலாற்று மாணவரும் இணைந்து வீடுவீடாகச் செல்லலாம். ஏட்டைப் பறிக்க வேண்டியதில்லை; படம் பிடித்து, பெயரிட்டு, உரியவரிடமே மீளக் கொடுக்கலாம். மந்திரத்தையும் மருந்தையும் பிரிக்காது முழுமையாகப் பெயர்த்தெழுதலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பொறுமையும் பணிவுமே வேண்டும்.

கொட்டியாரக் கரையிற் பிடிபட்ட அந்நியன் ஒருவன் கண்டதை எழுதிவைத்தமையால், அவன் கண்ட தேங்காய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றது. அக்கரையிற் பிறந்தோர் எழுதிவைத்தவை பெட்டியிலேயே மடிதல் முறையோ?