அன்னாளின் உதடுகளும் நம் செவிகளும்

வேத வாசிப்பு: 1 சாமுவேல் 1:1-20



அன்னாளின் சரித்திரத்தை நாம் பெரும்பாலும் அதன் முடிவை நோக்கியே வாசிக்கிறோம். அவள் அழுதாள், ஜெபித்தாள், சாமுவேலைப் பெற்றாள். பிள்ளைக்காகக் காத்திருக்கும் சகோதரிகளிடம் இதையே வாக்குத்தத்தமாகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஆனால் சாமுவேல் பிறப்பது அந்த அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தில்தான். அதற்கு முந்திய வசனங்களில், ஒரு பெண் தன் வீட்டிலும் தேவனுடைய ஆலயத்திலும் எதையெல்லாம் சகித்தாள் என்பதை வேதம் பொறுமையாக எடுத்துரைக்கிறது. இந்த வாரம் நாம் அங்கே சற்றுத் தரித்திருப்போம்.

அன்னாளுக்கு உணவு செல்லவில்லை. அழுகை ஓயவில்லை. மனங்கசந்திருந்தாள். இது ஒரு நாள் துயரமன்று, வருஷந்தோறும் தொடர்ந்தது. இன்று ஒரு பெண் மனச்சோர்வோடு மருத்துவரிடம் சென்றால் அவரும் ஏறக்குறைய இவற்றையே விசாரிப்பார்: சாப்பிட முடிகிறதா, உறக்கம் வருகிறதா, எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது? நம் பெண்களில் பலர் மனம் சோர்ந்திருக்கிறது என்று வாய்திறந்து சொல்வதில்லை. தலைவலி, உடம்பு வலி, நெஞ்சுப் படபடப்பு, அசதி என்றே சொல்வார்கள். உடம்பின் நோயைச் சொல்லலாம், மனத்தின் நோயைச் சொல்லக்கூடாது என்று சிறுவயது முதல் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

அன்னாளின் துயரத்திற்குப் பிள்ளையின்மை மட்டும் காரணமல்ல என்பதையும் கவனியுங்கள். அவளை மனமடிவாக்கியவள் ஒருத்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். பெனின்னாள் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. பேசினாள், அவ்வளவே. அந்தப் பேச்சுக்கு நம் நாட்டுச் சட்டம் இன்று ஒரு பெயர் வைத்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், சொல்லாலும் மனத்தளவிலும் இழைக்கப்படும் கொடுமையை விளக்குமிடத்தில், பிள்ளை இல்லை என்றோ ஆண்பிள்ளை இல்லை என்றோ ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவதைத் தனியே எடுத்துக் குறிப்பிடுகிறது. நாம் வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடுவதைச் சட்டம் வன்முறை என்கிறது. வேதமோ அதை வெகு காலத்துக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டது.

பிரியமானவர்களே, பெனின்னாள் சீலோவோடு முடிந்துபோகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கையில், மணமாகிச் சில மாதங்களே ஆன பெண்ணிடம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கிறோம். மூன்றாம் ஆண்டில் அதே கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். ஐந்தாம் ஆண்டில் அவளிடம் கேட்பதை விட்டு, அவளைப்பற்றி மற்றவர்களிடம் பேசுகிறோம். வளைகாப்புக்கு அவளை அழைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறோம். அழைத்தாலும், வளையல் அடுக்கும் முறை வருகையில் அவளைத் தாண்டிப் போகிறோம். விக்கிரகங்களை விட்டுவிட்டோம் என்று சொல்லும் நாம் இந்தச் சகுனத்தை ஏன் இன்னும் கைவிடவில்லை?

இத்தனை கேள்விகளும் பெண்ணிடமே கேட்கப்படுகின்றன. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அதற்கான காரணம் மனைவியின் உடலில் இருக்கலாம், கணவனின் உடலில் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். கணவனுக்கான முதற்பரிசோதனையோ மிக எளியது. ஆயினும் மனைவி ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைகளுக்கு அலைந்தபின்னும் அதற்கு உடன்படாத ஆண்கள் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளை மட்டும் பெற்றவள் என்று ஏசப்படும் தாயின் காரியமும் இதுவே. பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்யும் குரோமோசோம் தகப்பனிடமிருந்தே வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் இந்த உண்மை, வீட்டுக்குள் வந்ததும் மறந்துபோகிறது.

எல்க்கானா நல்லவன். அன்னாளை நேசித்தான், இரட்டைப் பங்கு கொடுத்தான், ஏன் அழுகிறாய் என்று பரிவோடு கேட்டான். ஆயினும் அவளை நோகடித்தவளை அவன் ஒருமுறையாவது கண்டித்ததாக வேதத்தில் எழுதப்படவில்லை. சகோதரரே, மனைவிக்குப் பட்டுச்சேலை வாங்கித் தருகிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் தாயோ, அத்தையோ, அண்ணியோ அவளைக் குத்திப் பேசும்போது என்ன செய்கிறீர்கள்? "அவர்கள் அப்படித்தான், நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லும் அன்பு பாதி அன்பே.

இனி ஏலியைப் பார்ப்போம். அவர் ஆசாரியர், ஆலயத்தின் வாசலருகே ஆசனத்தில் அமர்ந்திருந்தவர். அன்னாளின் வாயைக் கவனித்தார். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார். கண்ணால் பார்த்தாரேயன்றி, என்ன துயரம் என்று கேட்கவில்லை. சபை இன்று ஏலியின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது. சோர்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து "விசுவாசம் குறைந்துவிட்டது" என்கிறோம். "மறைவான பாவம் இருக்கும்" என்கிறோம். "பிசாசின் போராட்டம்" என்று சொல்லி உபவாசத்திற்கு அழைக்கிறோம், உணவே செல்லாத ஒருத்தியை!

சாமுவேலைப் பெற்றெடுத்த பின்னும் கண்ணீர் வரலாம் என்பதையும் அறிந்திருங்கள். புதிதாய்ப் பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகிறார்கள், அதில் முதன்மையானது மனச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "தேவன் தந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழலாமா?" என்று அவளைக் கடிந்துகொள்ளும்போது, அவள் அழுகையோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமத்துகிறோம்.

மருத்துவரிடம் போவது விசுவாசத்திற்கு விரோதமா என்று சிலர் கேட்கிறார்கள். சாக வேண்டும் என்று விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான். சரீரத்தைக் கவனிப்பதிலிருந்தே தேவன் தொடங்கினார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவப் பணியைத் தொடங்கியதும், ஆண் மருத்துவர் பார்க்கலாகாது என்ற வழக்கத்தால் பிரசவத்தில் பெண்கள் மடிந்ததைக் கண்டதினாலேயே. அவர் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் மனநல மையம் ஒன்றையும் நடத்துகிறது. அங்கே நோயுற்றவரோடு குடும்பத்தாரும் உடன்தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது. நோய் ஒருவருக்கு, பொறுப்பு வீட்டாருக்கு என்பது அதன் பொருள். நம் முன்னோரின் விசுவாசமே கட்டிய வாசலில் நுழைவது எப்படி அவிசுவாசமாகும்?

ஆகவே சபையாரிடம் சிலவற்றை வேண்டுகிறேன். பிள்ளையைப்பற்றி எந்தப் பெண்ணிடமும் அவளாகப் பேச்செடுக்கும்வரை கேளாதிருங்கள். சாட்சி நேரத்தில் பிள்ளை பெற்றவர்கள் நன்றி சொல்லட்டும். காத்திருப்பவளின் விசுவாசத்தை அதனோடு ஒப்பிட வேண்டாம். பெண்கள் ஐக்கியத்தின் மூத்த தாய்மாரே, பிரசவித்த வீட்டுக்குப் போகையில் குழந்தையைப் பார்த்தபின், "நீ தூங்கினாயா, அம்மா?" என்று தாயையும் கேளுங்கள். அவள் சொல்வது ஜெபக்குறிப்பாக ஊர்முழுதும் பரவாதிருக்கட்டும். இரண்டு வாரத்திற்கு மேலாகச் சோர்வு நீங்காதிருந்தால் மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். சாவைப்பற்றிப் பேசினால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம், அவளைத் தனியே விடவும் வேண்டாம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். வீட்டில் கொடுமை நேருமானால் 181 என்ற மகளிர் உதவி எண் உண்டு.

ஏலியிடம் நாம் கற்க வேண்டிய நன்மையும் ஒன்று இருக்கிறது. அன்னாள் பணிவோடும் துணிவோடும் தன் நிலையை விளக்கியபோது, அவர் தம் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கேட்டார், கடிந்த வாயாலேயே ஆசீர்வதித்தார். அதன்பின் அவள் சாப்பிட்டாள், அவள் முகம் மாறியது. இது 18-ஆம் வசனம். அப்போது அவள் கருவுற்றிருக்கவில்லை, சாமுவேல் வருவான் என்பதற்கு எந்த அடையாளமும் அவள் கையில் இல்லை. தன் பாரத்தைக் கர்த்தருக்கு முன்பாக இறக்கிவைத்தாள், ஆலயத்தில் ஒருவர் அதைக் கேட்டார். அதுவே அவளை எழுப்பி உணவருந்த வைத்தது.

நம் சபையில் சிலருக்குச் சாமுவேல் வரலாம், சிலருக்கு வராமலும் போகலாம். அதைத் தீர்மானிப்பவர் கர்த்தர். ஆனால் 18-ஆம் வசனம் நம் ஒவ்வொரு சகோதரிக்கும் உரியது, அதை அவர்களுக்குக் கொடுப்பதும் மறுப்பதும் நம் கையில் இருக்கிறது.

பேச முடியாதவர்களின் உதட்டசைவையும் அறிகிற ஆண்டவர், கேட்கும் செவியை நமக்குத் தருவாராக. ஆமென்.