நகல் எதற்கு?

போன மாதம் ஒரு நாள் மாலை மெரினா கடற்கரையில் வேர்க்கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலக் காகிதத்தைக் கசக்கப் போனபோது அதில் ஒரு முகம் தெரிந்தது. பிரித்துப் பார்த்தேன். யாரோ ஓர் அம்மாளின் ஆதார் அட்டை நகல்! பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், 12 இலக்க எண் எல்லாம் துல்லியமாக இருந்தன. கீழே அவருடைய கையெழுத்து வேறு. எந்த அலுவலகத்தில், எதற்காக அதைக் கொடுத்தாரோ? அவருக்கே இந்நேரம் மறந்து போயிருக்கும்.

காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். கோபம் மட்டும் தணியவில்லை.

திருடனைப் பற்றி எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருடுவது அவன் தொழில். என் கோபமெல்லாம், காரணம் சொல்லாமல் நகல் கேட்கிறவர்கள் மீதும், காரணம் கேட்காமல் கொடுத்துவிடுகிற நம் மீதும்தான். லாட்ஜில் அறை எடுத்தால் நகல். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டினால் நகல். வீடு வாடகைக்குப் பிடித்தால் நகல். வாங்கியவர் அதை மேஜை அறையில் போடுகிறார். அறை நிறைந்தால் சாக்கு மூட்டை. மூட்டை நிறைந்தால் பழைய பேப்பர்க்காரரின் தராசு. நம் பெயரும் விலாசமும் கிலோ கணக்கில் விலை போகின்றன.

"மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. எனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அப்படித்தான் கேட்டுக் கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. செல்போன் மூலம் அவர் நாற்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கினாராம், தவணை கட்டவில்லையாம். ஆயுளில் கைமாற்றுக்கூட வாங்காத மனிதர் அவர்! அவருடைய பான் அட்டை நகலும் புகைப்படமும் யார் கையிலோ சிக்கியிருக்கின்றன.

கடன் கொடுத்தவர்கள், "நீங்கள் வாங்கவில்லை என்று நீங்களே நிரூபியுங்கள்" என்றார்கள். நான்கு மாதம் அலைந்தார். மருமகள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "ஊருக்கெல்லாம் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவன் ஐயா நான். இப்போது என் பேரே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது" என்றார்.

மடியில் கனமில்லாதவனிடமும் பெயர் இருக்கிறது. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்தானுக்கும் அது ஒன்றுதான் சொத்து. வேண்டாத பயம் என்று சொல்பவர்கள் இந்த வாத்தியாரின் நான்கு மாதத்துக்கு என்ன விலை போடுவார்கள்?

சர்க்காருக்கும் இது தெரியாமல் இல்லை. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. ஜனங்கள் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும் என்று கூறி 29-ஆம் தேதியே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. வழக்கமான எச்சரிக்கை போதுமாம்! நல்ல புத்திக்கு இரண்டே நாள் ஆயுள்.

அதற்கு முன்பே, 2018 செப்டம்பர் 26 அன்று, வங்கிக் கணக்குக்கும் செல்போன் இணைப்புக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த சட்டத் திருத்தமும், விருப்பமிருந்தால் தரலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போது விருப்பம் என்ற சொல் நம் நினைவுக்கு வருவதே இல்லை.

நான் செய்வதைச் சொல்லுகிறேன். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' ஒன்றை ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம், அதைத்தான் கொடுக்கிறேன். நகலின் குறுக்கே, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறேன். அந்த வசதியையும் ஆணையமே தருகிறது. என் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கிறேன். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, கேட்டு வாங்குகிறேன். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வாயைத் திறந்து, "எதற்கு?" என்று கேட்க வேண்டும். அடையாளம் கேட்பது குற்றமில்லை. பார்த்து, குறித்துக்கொண்டு, அட்டையைத் திருப்பித் தரட்டும். நகல்தான் வேண்டுமென்றால், எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று சொல்லட்டும்.

அண்மையில் திருநெல்வேலியில் ஒரு லாட்ஜில் இதைக் கேட்டேன். கணக்கெழுதும் பையன் திகைத்துப் போய், "எல்லாரும் குடுக்காங்களே, சார்" என்றான். அவனிடம் இருந்த ஒரே காரணம் அதுதான். குறுக்கே எழுதிக் கொடுத்த என் நகலையும், பிறகு என்னையும் சந்தேகமாகப் பார்த்தான். பார்க்கட்டும். முன்பின் தெரியாத ஒரு பையனின் சந்தேகத்தை ஓர் இரவுக்குத் தாங்கிக்கொள்வேன். வாத்தியாரைப் போல, என் பெயருக்கு நானே சாட்சி தேடி நான்கு மாதம் அலைய மாட்டேன்.