கண்ணாடி மாட்ட ஒரு சுவர்

தில்லியின் பல தெருக்களில், சுற்றுச்சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி ஒன்றைக் காணலாம். எதிரே ஒரு நாற்காலி, மேலே தார்ப்பாய், அருகே ஒரு வாளித் தண்ணீர். அதுவே முடிதிருத்தும் நிலையம். அங்கே கத்தரி பிடிப்பவர் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ உத்தரப்பிரதேசத்திலிருந்தோ பிழைப்புத் தேடி வந்தவர். கதவும் மின்விசிறியும் உள்ள சொந்தக் கடை என்பது அவருடைய நீண்டநாள் கனவு. அந்தக் கனவுக்குக் கடன் தருவதாகக் கூறித்தான் 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய பாஜக அரசு ‘பிரதமர் விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கியது.

திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களுள் முடிதிருத்துதலும் ஒன்று. சில நாள் அடிப்படைப் பயிற்சி, நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் பிணையில்லாக் கடனாக முதற்கட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை. கந்துவட்டியில் சிக்கித் தவிப்பவருக்கு இந்த வட்டி ஆறுதல்தான், அதை மறுப்பதற்கில்லை. எனினும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லட்சத்தை 18 மாதங்களில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 5,780 ரூபாய். வட மாநிலங்களில் செவ்வாய்க்கிழமை பலர் முடிவெட்டிக்கொள்வதில்லை, கடைகளும் மூடியிருக்கும். எஞ்சுவது 26 நாட்கள். நாளொன்றுக்கு 222 ரூபாய். தலைக்கு 50 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், அன்றாடம் முதலில் வரும் நான்கைந்து தலைகள் வங்கிக்கு உரியவை. அதன் பிறகே வாடகை, மின்கட்டணம், பிளேடு, சோப்பு, கடைசியில்தான் அடுப்பு. கடை பிடிக்க முன்பணம் வேறு கேட்பார்கள்.

2023–24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு, நாட்டின் உழைப்பாளர்களில் 58.4 விழுக்காட்டினரைச் ‘சுயதொழில்’ கணக்கில் சேர்க்கிறது. இதை ஆட்சியாளர்கள் தொழில்முனைவின் மலர்ச்சி என்கின்றனர். ஆலையில் வேலை கிடைக்காதவன் கத்தரியை எடுத்தால் அவன் தொழில்முனைவோன்!

திட்டத்தின் கருத்தடிப்படை இன்னும் கேடானது. ‘குடும்ப வழிப் பாரம்பரியத் தொழில்’ செய்வோருக்கே கடன்; குரு–சிஷ்ய பரம்பரையை வலுப்படுத்துவது நோக்கம் என்று அரசே அறிவிக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே வீழ்த்திய மண் தமிழகம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை இப்போதைய வடிவில் ஏற்க இயலாது என்று ஒன்றிய அரசுக்கு எழுதியது சரியான நிலைப்பாடே. ஆனால் தோழர்கள் சிலரிடம் இந்த எதிர்ப்பு, கடனுக்கு விண்ணப்பித்து வரிசையில் நிற்கும் தொழிலாளியின் மீதான ஏளனமாகத் திரிகிறது. அது தவறு. ஒருவர் தம் தொழிலை விரும்பிச் செய்வது சாதியத்துக்குப் பணிவதாகாது. அத்தொழிலை அவர் மகனுக்கே எழுதிவைப்பதுதான் சாதியம். (தமிழில் மருத்துவர் என்ற பெயரும், அரபியில் குருதி வாங்கிச் சிகிச்சை செய்பவரைக் குறிக்கும் ஹஜ்ஜாம் என்ற சொல்லும் இதே மக்களைச் சுட்டி நின்றதை நினைவுகூர்வது நல்லது. சவரக்கத்தியோடு சிகிச்சையும் ஒருகாலத்தில் இவர்கள் கையில் இருந்தது.)

இவர்கள் போராடத் தெரியாதவர்களும் அல்லர். 1890இல் பம்பாயில் முடிதிருத்துவோர் கூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். அந்த இயக்கத்தில் முன்னின்றவர் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை 1884இல் நிறுவிய நாராயண் மேகாஜி லோகாண்டே. வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. சொந்தத் தொழில் செய்பவனுக்கு வர்க்க உணர்வு வாராது என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று எதிரி வேறு வடிவில் நிற்கிறான். இலாபம் உண்டென்று தெரிந்ததும், தீட்டென்று ஒதுக்கிய தொழிலில் பெருமூலதனம் குளிரூட்டிய கடைகளோடு நுழைந்துவிட்டது. செயலி வழியே வீட்டுக்கு வரும் அழகுக்கலைப் பெண்களைப் ‘பங்காளர்’ என்று அழைத்த அர்பன் கம்பெனியின் குருகிராம் அலுவலகம் முன்பு, 2021 அக்டோபரில் அப்பெண்களே கூடித் தரகுப் பிடித்தத்தை எதிர்த்தனர். சில விகிதங்களைக் குறைத்த அந்நிறுவனம், டிசம்பரில் மீண்டும் போராடியவர்கள் மீது வழக்கும் தொடுத்தது. சொந்தக் கடைக் கனவு இறுதியில் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறது.

உண்மையில் சுவரோரத்து மனிதருக்கு முதல் தேவை கடன் அன்று, இடம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்போரை மட்டுமல்ல, தெருவில் சேவை அளிப்போரையும் வியாபாரி என்றே வரையறுக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எவரையும் அகற்றக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டு இடம் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு உரியது. அந்த இடங்களுக்குக் காய்கறி, துணி வியாபாரிகளை நிறுத்தும் நம் சங்கங்கள் முடிதிருத்துவோரை எத்தனை முறை நிறுத்தியுள்ளன? சான்று இல்லாதவரின் நாற்காலியை மாநகராட்சி லாரி ஏற்றிச் செல்கிறது. மறுநாள் காலை அவர் ஆணியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வேறொரு சுவரைத் தேடிப் போகிறார். வங்கித் தவணை நாள் மட்டும் மாறுவதில்லை.